எத்தனை வீதத்தில் நின்றது? டிவிடி எழுதும்போது வரும் பிழைகளும் காரணங்களும்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் டிவிடியின் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, விடிய விடிய ஆடிய கூத்து என்று எதைப் படம் பிடித்தாலும் கடைசியில் "ஒரு டிவிடியும் அடித்துத் தாருங்கள் தம்பி" என்று கேட்கும் பெரியவர் ஒருவர் இருக்கவே செய்கிறார். பென் ட்ரைவில் கொடுத்தால் பேரப்பிள்ளைகள் அதை அழித்துப் பாட்டு ஏற்றிவிடுவார்கள், வட்டு என்றால் அலமாரியில் கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. வட்டு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அந்தக் கணக்கு சரிதான்.

எழுதும்போது பிழை வந்தால் பெரும்பாலானோர் அதே கட்டிலிருந்து இன்னொரு வட்டை எடுத்து, அதே வேகத்தில், அதே ட்ரைவில் மறுபடியும் எழுதுகிறார்கள். அதுவும் கெட்டால் ட்ரைவ் பழுது என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் புதியது வாங்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை வீதத்தில் நின்றது?

டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. நடுத்துளைக்கு அருகே தொடங்கும் தடம் சுருள் சுருளாக விளிம்பை நோக்கிப் போகிறது. ஆகவே திரையில் ஓடும் வீதம், லேசர் இப்போது வட்டின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தரவு எழுதும் பகுதி மையத்திலிருந்து 24 மில்லிமீற்றரில் தொடங்கி 58 மில்லிமீற்றரில் முடிகிறது. வெளிச்சுற்றுகள் பெரியவை என்பதால் பாதி எழுதி முடியும்போதே லேசர் 44 மில்லிமீற்றரைத் தொட்டிருக்கும். கடைசிப் பத்து வீதம் முழுவதும் விளிம்போரமாக இரண்டரை மில்லிமீற்றர் அகலமுள்ள பட்டைக்குள் அடங்கிவிடும்.

கெட்ட வட்டை எறியாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், எழுதிய பகுதி ஒரு சாயல் மாறி, எழுதாத பகுதியிலிருந்து ஒரு வட்டக் கோட்டினால் பிரிந்து தெரியும். நின்ற வீதத்தையும் எழுதிய வேகத்தையும் வட்டின் மேற்புறத்தில் மார்க்கரால் குறித்து வையுங்கள். இப்படி இரண்டு மூன்று சேர்ந்தால் வழி பிறந்துவிடும். ஒரே கட்டின் வட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் முதலில் வட்டையும் வேகத்தையும் சந்தேகிக்கலாம். ஒன்று பன்னிரண்டில், இன்னொன்று அறுபதில், மற்றொன்று முப்பதில் என்று சிதறினால் கணினியையும் கேபிளையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். வட்டு, வேகம், கேபிள் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு எழுதினால், பிழை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது.

வெற்று வட்டைப் போட்டும் "வட்டைப் போடவும்" என்று கேட்கிறது

வட்டு தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அச்சிடும் வெள்ளை முகம் உள்ள வட்டுகளில் இது நடக்கிறது. அடுத்ததாக, வட்டின் வகையை ட்ரைவ் ஏற்கிறதா என்று பாருங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டைப் பழைய ட்ரைவ் பல நேரம் வட்டாகவே மதிக்காது.

சீடி நன்றாக எழுதுகிறது, டிவிடியை மட்டும் காணவில்லை என்கிறது என்றால் ட்ரைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். சீடிக்கு 780 நானோமீற்றர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீற்றர் லேசர். இரண்டும் வேறுவேறு. ஒன்று களைத்துப்போனாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். "சீடி எழுதுகிறதே, ட்ரைவ் எப்படிப் பழுதாகும்?" என்ற வாதம் இங்கே செல்லாது.

எழுதும் மென்பொருள் ஒன்றை நீக்கிய பிறகு விண்டோஸில் ட்ரைவே காணாமல் போய், சாதனங்களின் பட்டியலில் 19 அல்லது 39 என்ற பிழை எண்ணோடு மஞ்சள் குறி தெரிந்தால், அது அந்த மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடத்தில்) விட்டுப்போன மிச்சம். அப்பர் ஃபில்டர்ஸ், லோவர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை நீக்கிக் கணினியை மீண்டும் இயக்கினால் ட்ரைவ் திரும்பி வரும். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிடுவது நல்லது.

பூச்சிய வீதத்திலேயே நிற்கிறது. "பவர் கலிபரேஷன் எரர்" என்கிறது

எழுதத் தொடங்குவதற்கு முன்னால் ட்ரைவ் ஒரு சிறிய பரீட்சை வைக்கிறது. வட்டின் உள்விளிம்பில் இதற்கென்றே ஒதுக்கிய ஓரிடத்தில், லேசரின் வலுவைக் கூட்டியும் குறைத்தும் சில புள்ளிகளைச் சுட்டு, அவற்றைத் திரும்ப வாசித்து, இந்த வட்டுக்கு எவ்வளவு வலு பொருந்தும் என்று தீர்மானிக்கிறது. எந்த வலுவிலும் புள்ளி தெளிவாக விழாவிட்டால் இந்தப் பிழை வரும். வட்டைத் தூக்கிப் பார்த்தால் சாயல் மாறிய வளையம் எதுவும் இருக்காது.

முதற் காரணம் வட்டு. வெற்று வட்டு ஒவ்வொன்றிலும் தொழிற்சாலையிலேயே பதித்த அடையாளக் குறி ஒன்று இருக்கிறது. ட்ரைவ் அந்தக் குறியை வாசித்து, தன் உள்மென்பொருளில் இருக்கும் அட்டவணையில் தேடி, அந்த வகை வட்டை எப்படி எழுதுவது என்று அறிகிறது. குறி அட்டவணையில் இல்லையென்றால் பொதுவான ஒரு முறையில் குத்துமதிப்பாக எழுதும். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி வாங்குகிறோம். ஒரே பெயரில் விற்கப்படும் வட்டுகள் வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்யப்படுவதுண்டு. உள்ளே இருக்கும் குறி என்ன என்பதை இம்ஜ்பேர்ன் என்ற இலவச மென்பொருள் வலப்பக்கத்தில் காட்டும். அது 2013ஆம் ஆண்டின் 2.5.8 பதிப்போடு நின்றுவிட்டாலும் இந்த வேலைக்கு இன்றும் நான் முதலில் திறப்பது அதைத்தான். உங்கள் ட்ரைவில் நன்றாக எழுதிய வட்டின் குறியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த கட்டு வாங்கும்போது ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். ட்ரைவ் தயாரிப்பாளர் புதிய உள்மென்பொருள் வெளியிட்டிருந்தால் அதை ஏற்றுவதும் உதவும், ஏனென்றால் அட்டவணையில் புதிய குறிகள் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது காரணம் நம் ஊர்க் காற்று. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. காற்றில் ஈரமும் உப்பும் குறைவதே இல்லை. குளிரூட்டிய அறையில் இருந்த மடிக்கணினியையோ வட்டுக் கட்டையோ வெளியே கொண்டுவந்த உடனே எழுதினால், லேசரின் குளிர்ந்த வில்லையிலும் (லென்ஸ்) வட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஈரம் படிந்திருக்கும். லேசர் அதில் சிதறிப்போகும். அரை மணி, முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தால் பிழை தானாகவே போய்விடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிரச்சினை வேறு: காய்ந்த மண் தூசி ட்ரைவின் தட்டிடுக்கு வழியாகப் போய் வில்லையின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. மேசைக் கணினியைத் தரையில் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது அதிகம். மடிக்கணினி ட்ரைவில் தட்டை இழுத்தாலே வில்லை வெளியே தெரியும். மென்மையான பஞ்சுக்குச்சியில் ஒரு துளி ஐசோபுரோப்பைல் மதுசாரம் தொட்டு, அழுத்தாமல் ஒரு தடவை துடைத்தால் போதும். தூரிகை ஒட்டிய துப்புரவு வட்டுகளை நான் நம்புவதில்லை. வில்லை மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, சுழலும் தூரிகை அதைத் தட்டிவிட்டுப் போகிறது.

இத்தனையும் பார்த்த பிறகும், நல்ல வட்டு எதைப் போட்டாலும் பூச்சியத்திலேயே நிற்கிறது என்றால் லேசர் தேய்ந்துவிட்டது. அச்சிட்ட படவட்டுகளை அது இன்னும் வாசிக்கும், ஏனென்றால் வாசிக்க மிகக் குறைந்த வலு போதும், எழுதத்தான் முழு வலு வேண்டும். அதை வாசிக்கும் ட்ரைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில், ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிற்கிறது

டிவிடியின் ஒரு மடங்கு வேகம் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 1.39 எம்பி. பதினாறு மடங்கில் இது 22 எம்பியைத் தாண்டும். இவ்வளவையும் கணினி தடையில்லாமல் ஊட்ட வேண்டும். 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த தாங்கக நினைவகப் பாதுகாப்பு (பஃபர் அண்டர்ரன் பாதுகாப்பு) இப்போது எல்லா ட்ரைவிலும் இருப்பதால் ஊட்டல் ஒரு கணம் தடைப்பட்டாலும் லேசர் நின்று, காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அடிக்கடி நின்று தொடர்ந்தால் ஒட்டுப் போட்ட இடங்கள் கூடும்.

கோப்புகளைப் பென் ட்ரைவிலிருந்தோ கமராவின் மெமரி கார்டிலிருந்தோ நேரடியாக எழுதாதீர்கள். முதலில் வன்தட்டுக்கு எடுத்து, அங்கேயே ஐஎஸ்ஓ கோப்பாக்கி (முழு வட்டின் படிமத்தையும் ஒரே கோப்பாக்கி), பிறகு எழுதுங்கள். ஐஎஸ்ஓ செய்யும்போதே அது நின்றுவிட்டால் குற்றம் வட்டெழுதியில் இல்லை, மூலக் கோப்பிலோ வன்தட்டிலோ இருக்கிறது. ஒரு வட்டும் வீணாகாமல் அது தெரிந்துவிடுவதே இந்த முறையின் இலாபம்.

யுஎஸ்பியில் மாட்டும் மெல்லிய ட்ரைவ் என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஅம்பியர். எழுதும் நேரத்தில் ட்ரைவ் அதற்கு மேலும் இழுக்கக்கூடும். அதனால்தான் சில ட்ரைவுகளுக்கு இரண்டு தலை உள்ள கேபிள் தருகிறார்கள். இரண்டாவது தலை மேசை இழுப்பறையில் கிடக்க, ஒன்றை மட்டும் மாட்டி எழுதுபவர்கள் ஏராளம். இரண்டையும் மாட்டுங்கள், மேசைக் கணினியின் பின்பக்கத் துளைகளில் மாட்டுங்கள், நீட்டிப்புக் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

பழைய எக்ஸ்பி கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கடைகளில் வேறொரு நோய் உண்டு. ஐடிஈ கேபிளில் பிழைகள் அடுக்கடுக்காக வந்தால் விண்டோஸ் தானாகவே அல்ட்ரா டிஎம்ஏ முறையைக் கைவிட்டு மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். தானாகத் திரும்ப ஏறாது. எழுதும்போது கணினி முழுவதும் இறுகி, சுட்டி துள்ளித் துள்ளி நகர்ந்தால் இதுதான். எண்பது கம்பிக் கேபிள் போட்டு, சாதனப் பட்டியலில் அந்த ஐடிஈ இணைப்பை நீக்கிக் கணினியை மறுபடி இயக்குங்கள்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாமல் எழுதும் வட்டு மின்சாரம் போனால் போனதுதான். அதைவிடக் கள்ளத்தனமானது மின்னழுத்தத் தாழ்வு. வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் தண்ணீர் மோட்டரைப் போடும் நேரத்தில் எழுதல் நிற்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

தொண்ணூறைத் தாண்டியதும் நிற்கிறது

மனதை அதிகம் நோகடிப்பது இதுதான். எல்லாம் ஒழுங்காகப் போய், தொண்ணூற்றாறில் ட்ரைவ் முனகத் தொடங்கி, வேகம் விழுந்து, பிழை வந்துவிடும். விளிம்பில் ஏன் இத்தனை துன்பம் என்பதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. லேசர் சுட்டு எழுதும் சாயத்தை வட்டின் மேல் ஊற்றிச் சுழற்றிப் பரப்புகிறார்கள். அது உள்ளிருந்து வெளியே பரவுவதால், ஒரே தடிப்பில் வைத்திருப்பது விளிம்பில்தான் கடினம். மலிவான வட்டில் முதலில் தவறுவதும் அங்கேதான். வட்டு சற்று வளைந்திருந்தாலும் ஆட்டம் அதிகமாவது விளிம்பில். நாம் விரலால் பிடிப்பதும் விளிம்பை. ஈரக் காற்று கட்டுக்குள் முதலில் தொடுவதும் விளிம்பை.

இதற்கு மேல், பதினாறு மடங்கு வேகம் என்று நாம் தெரிவு செய்வது வட்டு முழுவதற்கும் உரியதன்று. ட்ரைவ் உள்ளே ஆறு மடங்கு அளவில் தொடங்கி, மெல்லக் கூடி, விளிம்பில்தான் பதினாறைத் தொடுகிறது. அப்போது வட்டு நிமிடத்துக்கு 9,000 தடவைக்கும் மேல் சுழல்கிறது. ஆகவே வட்டின் மிகப் பலவீனமான இடமும் மிக அதிக வேகமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எட்டு மடங்குக்கு இறக்குங்கள். பதினாறில் ஆறு நிமிடம் அளவில் முடிவது எட்டில் எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் வட்டு வட்டாகக் குப்பைக்குப் போகிறது. அதற்காக இரண்டு மடங்குக்கு இறக்கினால் இன்னும் நல்லது என்று எண்ணவும் கூடாது. பதினாறு மடங்குக்கென்று செய்த சாயம் மிக மெதுவான சுடலை விரும்புவதில்லை. எட்டு, தவறினால் நான்கு.

வட்டை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் கடைசிப் பட்டையைத் தொடவே வேண்டியதில்லை. எழுதும் முன் தாள் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எழுதிய பின்னும் ஒட்டாதீர்கள். மணமக்கள் படத்தோடு அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் வட்டின் சமநிலை கெடும், மாரியின் ஈரத்தில் ஓரம் கிளம்பும். அச்சிடும் முகம் உள்ள வட்டு வாங்கி அச்சிடுங்கள். மார்க்கரால் எழுதுவதைப் பற்றிய பயம் மட்டும் தேவையில்லை. டிவிடியின் சாயம் இரண்டு 0.6 மில்லிமீற்றர் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. அந்தப் பயம் சீடிக்கு உரியது. அங்கேதான் எழுத்துக்கும் பூச்சுக்கும் இடையில் மெல்லிய மெருகு மட்டும் இருக்கும்.

நூறு வீதம் முடிந்து, மூடும்போது பிழை

எழுதி முடித்ததும் ட்ரைவ் முகப்பையும் முடிவுப் பகுதியையும் எழுதி வட்டை மூட வேண்டும். இங்கே பிழை வந்தால் மென்பொருளில் "வட்டை மூடு" என்ற கட்டளையை மட்டும் இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள். சில நேரம் பிழைத்துக்கொள்ளும். டிவிடியில் நேரடியாகப் பதியும் பழைய கமராக்களின் 8 சென்ரிமீற்றர் வட்டுகள் பல வீடுகளில் மூடப்படாமலே கிடக்கின்றன. அந்தக் கமரா உயிரோடு இருந்தால் அதிலேயே மூடுவது சிறந்தது. இல்லையென்றால் மூடப்படாத வட்டை வாசிக்கும் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் கைகொடுக்கும்.

"இடம் போதாது"

பெட்டியில் 4.7 ஜிபி என்றிருக்கும். விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணுவதால் அதையே 4.37 அல்லது 4.38 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. ஐஎஸ்ஓ செய்யும்போது 4 ஜிபியோடு நின்றுவிட்டால் அந்த வன்தட்டுப் பகுதி, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காத ஃபாட்32 முறையில் இருக்கிறது. என்டிஎஃப்எஸ் பகுதிக்கு மாறுங்கள்.

படுவான்கரையில் ஒரு கூத்தை இரவு முழுவதும் எடுத்துவிட்டு, எட்டு மணி நேரத்தையும் ஒரே டிவிடியில் கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு 1.3 மெகாபிட்தான் கிடைக்கும். வடமோடிக் கூத்தின் ஆட்டத்தில் கரப்புடுப்பு (விரிந்த பாவாடை போன்ற உடை) சுழலும்போது திரை கட்டம் கட்டமாக உடையும். ஒரு வட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று நான்கு வட்டாகப் பிரித்தால் 5 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். வெட்டும் இடத்தை மணிக்கூட்டைப் பார்த்துத் தீர்மானிக்காமல், ஒரு பாத்திரத்தின் வரவுக்கு முன்னால் வெட்டுங்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் பார்த்தால் கோபிக்க மாட்டார்.

பிழை எதுவும் இல்லை, சரிபார்ப்பில் கெட்டது

எழுதியதை அதே ட்ரைவ் திரும்ப வாசிக்க முடியவில்லை என்றால் அந்த வட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். சரிபார்ப்புக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்று அதை அணைத்து வைக்கும் கடைகளைத் தெரியும். அங்கே சரிபார்ப்பவர் வாடிக்கையாளர்.

கணினியில் ஓடுகிறது, வீட்டு டிவிடி பிளேயரில் ஓடவில்லை

முதலில் என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். எடிட் செய்த எம்பி4 கோப்பை அப்படியே இழுத்துப் போட்டு எழுதியிருந்தால் பழைய பிளேயருக்கு அது புரியாது. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளால் எம்பெக்-2 ஆக்கி, வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறையோடு எழுத வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பையே ஒரு கோப்பாக வட்டுக்குள் போட்டுவிட்டு ஓடவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அதை "படிமத்தை எழுது" என்ற கட்டளையால் விரித்து எழுத வேண்டும். விண்டோஸ் முதலிலேயே கேட்கும் கேள்வியில் "யுஎஸ்பி ட்ரைவ் போல" என்பதைத் தெரிவு செய்திருந்தாலும் பிளேயர் வாசிக்காது. மற்றதைத் தெரிவு செய்யுங்கள்.

எழுதி அழிக்கும் வட்டுகள் மிகக் குறைவான வெளிச்சத்தையே திருப்பித் தருகின்றன; பழைய பிளேயர்கள் அவற்றைத் தள்ளிவிடும். கொடுப்பதற்கு டிவிடி-ஆர் நல்லது. டிவிடி+ஆர் தான் கையில் இருக்கிறது என்றால், ட்ரைவ் இடம் கொடுத்தால் இம்ஜ்பேர்னில் அதன் வகைக்குறியை டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதலாம். அச்சிட்ட வட்டு என்று எண்ணிப் பல பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளும்.

வெளிநாட்டுக்கு அனுப்பிய வட்டு பற்றி வரும் முறைப்பாட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: லண்டனில் ஓடும், ரொறன்ரோவில் ஓடாது. உடனே வலயக் குறியீட்டை (ஒரு வலயத்து வட்டை வேறு வலயத்துப் பிளேயரில் ஓடவிடாத பூட்டை) பழி சொல்வார்கள். வீட்டில் எழுதும் வட்டில் வலயப் பூட்டே இல்லை. காரணம் தொலைக்காட்சி முறை. இலங்கையும் பிரித்தானியாவும் பால் (PAL) முறை, செக்கனுக்கு 25 படம், 720க்கு 576. கனடா என்டிஎஸ்சி முறை, 29.97 படம், 720க்கு 480. அங்குள்ள பிளேயர்கள் பல பால் முறையை ஏற்பதில்லை. கனடாவுக்கு அனுப்புவதை என்டிஎஸ்சியாகவே செய்து அனுப்புங்கள், அல்லது கணினியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்போது ஓடியது, இப்போது ஓடவில்லை

சாயத்துக்கு வெயில் ஆகாது. ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடை கிடந்த வட்டை யாராலும் மீட்க முடியாமல் போகலாம். அலமாரியில் இருந்தது என்றால் நம்பிக்கை உண்டு. வெள்ளத்திலோ கூரை ஒழுக்கிலோ நனைந்தவற்றைச் சுத்தமான தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும். அதை ட்ரைவால் தாண்ட முடியாது.

பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரைவுகளில் போட்டுப் பாருங்கள். முடிந்தால் அதை எழுதிய ட்ரைவிலும். ஒன்று மறுக்கும் வட்டை இன்னொன்று வாசிப்பது சாதாரணம். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்கியூ என்ற கருவி வாசித்த பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ட்ரைவில் மிச்சத்தை மட்டும் தேடும். வட்டு உள்ளிருந்து வாசிக்கப்படுவதால் கலியாண வீட்டின் காலைப் பகுதி முழுதாகக் கிடைத்து, விருந்தும் வழியனுப்பலும் மட்டும் விட்டுப்போவது வழக்கம். கிடைத்த மட்டும் முதலில் வன்தட்டுக்கு எடுங்கள். புது வட்டில் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.